தரிசு வயலை அழிக்கும் விதி

அண்ணா ஒரு பிடி சேற்றை எடுத்து வக்கடையில் அப்பி, காலால் மிதித்து மூடிய கணத்தில்தான் எனக்கு அது தோன்றியது. வக்கடை என்பது வரம்பில் வெட்டிய வாய். ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும் வழி. அவர் அதை மூடிவிட்டு, நாலு முழம் தள்ளி ஒன்று, அதற்கப்பால் ஒன்று என மண்வெட்டியால் இரண்டு புதிய வாய்களை வெட்டினார். மேலே வாய்க்கால் மாறவில்லை. கீழே வயல்களும் மாறவில்லை. நடுவில் மட்டும் ஒரு துண்டு எழுந்து போக, இன்னொரு துண்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன நான், பார்சலைக் கையில் வைத்தபடி வரம்பில் நின்று, "இடப்பக்கம், வலப்பக்கம்!" என்றேன்.

"எந்தப் பக்கமெண்டாலும் சோத்தை வை," என்றார் அண்ணா.

அக்கராயன் குளத்தின் கீழ், எங்கள் வாய்க்காலுக்குக் கணிதம் வந்து சேர்ந்த விதம் இதுதான். அதன் முதல் விளைவாக ஒரு பெண்ணின் அரை ஏக்கர் நெல்லுக்குத் தண்ணீர் வராமல் நின்றுபோனது. முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆகவே இரண்டையும் சொல்லுகிறேன்.

போன சிறுபோகத்துக்கு, அதாவது கோடை விதைப்புக்கு, சற்று முந்திய காலம் அது. நான் பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் முடித்து, ஆசிரிய நியமனக் கடிதத்துக்காக எட்டு மாதமாகக் காத்திருந்தேன். தபால்காரர் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாமல் நேரே போய்க்கொண்டிருக்க, இரண்டு மூன்று மாதத்துக்கொன்றாக எனக்கு ஒரு புதிய ஆர்வம் பிறந்தது. முதலில் தேனீ வளர்ப்பு, தேனீக்கள் உடன்படவில்லை. பிறகு சுருக்கெழுத்து, நான் எழுதியதை நானே வாசிக்க முடியவில்லை. மூன்றாவதாக வந்தது வரைபு இலக்கணம். வெளிநாடு போகவிருந்த விரிவுரையாளர் ஒருவர் தன் அறையைக் காலி செய்தபோது, குப்பைக்கும் எனக்கும் நடுவில் நின்று யோசித்து, கடைசியில் என்னிடம் தந்த ஒரு போட்டோக் கொப்பிக் கட்டுரை.

வரைபு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் சில கோடுகள். பஸ் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறது என்பது ஒரு வரைபு. எங்கள் ஒழுங்கையில் யார் யாரோடு கதைப்பதில்லை என்பதும் ஒரு வரைபு, அதுவும் மிகச் சிக்கலானது. வசனங்களுக்கு இலக்கணம் இருப்பதுபோல இந்தப் படங்களுக்கும் இலக்கணம் எழுதலாம் என்று சிலர் கண்டுபிடித்திருந்தார்கள். விதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு சின்னப் படங்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பெரிய படத்துக்குள் இடப்பக்கப் படம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். கண்டால் அதை வெட்டி எடுத்து, அந்த ஓட்டையில் வலப்பக்கப் படத்தை வைத்துத் தைக்க வேண்டும். இரண்டு படத்துக்கும் பொதுவான புள்ளிகள் அசையாமல் நிற்கும்; தையல் விழுவது அங்கேதான். இப்படியே விதிக்குப் பின் விதியாகப் போட்டால் ஒரு படம் இன்னொரு படமாகிக்கொண்டே போகும். கணினிகளுக்கு இது பெரிதும் பயன்படும் என்று கட்டுரை சொன்னது. கணினி ஒன்றை நான் ஒரேயொரு தடவை கண்ணாடிக்கு அப்பால் கண்டிருக்கிறேன். அது குளிரூட்டிய அறைக்குள் இருந்தது. நாங்கள் வெளியே வியர்த்துக்கொண்டு நின்றோம். ஆகவே எனக்குக் கிடைத்த கணினி எங்கள் விறாந்தையின் சீமெந்து நிலமும் ஒரு பெட்டி வெண்கட்டியும்தான்.

மூன்று நாள் நிலம் முழுக்கக் கீறினேன். நாலாம் நாள் அண்ணி வாளியோடு வந்து நின்றார்.

"உம்மட படிப்பை நிலத்தில இருந்து எடுப்பீரோ, இல்லாட்டி நான் தண்ணி ஊத்தட்டோ?"

"அண்ணி, இது அண்ணாட வாய்க்கால்."

"அப்ப தண்ணி ஊத்தினா நல்லதுதானே," என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

நல்லவேளையாக அண்ணா அதை முதல்நாளே பார்த்திருந்தார். அவர் வாய்க்கால் குழுவின் செயலாளர். அந்தப் பதவியில் அவருக்கு இருந்த ஒரே தலையிடி முறைப் பட்டியல். எங்கள் வாய்க்காலில் ஏழு வரிசை வயல்கள். வரிசைக்கு ஒரு வாய்; முதல் வயல் நிரம்பி இரண்டாவதற்குப் போகும், இரண்டாவது நிரம்பி மூன்றாவதற்கு. எந்த வரிசைக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம் என்பதுதான் பட்டியல். பெரும்போகத்தில் மழை இருப்பதால் ஒருவரும் அதைத் தேடுவதில்லை. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் காணாது. சிலர் விதைப்பார்கள், சிலர் தரிசாக விடுவார்கள். இதற்கிடையில் அண்ணன் தம்பி வயலைப் பிரித்திருப்பார்கள், இன்னொருவர் பக்கத்து வயலையும் குத்தகைக்கு எடுத்து வரம்பை வெட்டி ஒன்றாக்கியிருப்பார். ஆகவே ஒவ்வொரு வருடமும் பட்டியலை முதலிலிருந்து எழுதுவார்கள். அதற்கு மூன்று கூட்டம் பிடிக்கும். மூன்றாவது கூட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள்.

"ஏன் முதல்ல இருந்து எழுதிறியள்? போன வருசப் படத்தை எடுங்கோ. மாறின இடத்துக்கு மட்டும் விதியைப் போடுங்கோ. மூண்டே மூண்டு விதி," என்றேன்.

முதலாம் விதி பிரிப்பது: ஒரு வயல் இரண்டாகும். இரண்டாம் விதி சேர்ப்பது: இரண்டு வயல் ஒன்றாகும். மூன்றாவது தரிசு விதி: விதைக்காத வயலின் புள்ளியை அழித்துவிட்டு, மேல் வயலைக் கீழ் வயலோடு நேரே இணைத்துவிடு, வரிசையின் கடைசி வயலென்றால் அழித்ததோடு சரி.

"ஒரு நாளுக்குள்ளை முடிஞ்சிடுமோ?" என்று அண்ணா கேட்டார்.

"ஒரு மணித்தியாலத்துக்குள்ளை."

அவர் முகத்தில் நான் அதற்கு முன் காணாத ஒரு மரியாதை வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டுரையில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு புள்ளியை அழிக்கும்போது, விதியின் படத்தில் இல்லாத வேறு ஏதோ ஒரு கோடு அந்தப் புள்ளியில் வந்து முட்டிக்கொண்டிருந்தால், அழித்த பிறகு அந்தக் கோட்டின் ஒரு முனை ஒன்றுமில்லாத வெளியில் தொங்கும். அப்படித் தொங்குமென்றால் விதியை அந்த இடத்தில் பிரயோகிக்கக் கூடாது. கவனமாகச் செய் என்றல்ல, செய்யவே கூடாது. எனக்கு இது அளவுக்கு மிஞ்சிய ஒழுங்காகத் தெரிந்தது, கதவு திறந்திருக்கும்போதே வாசலில் நின்று மூன்று தரம் தட்டுவதுபோல. புள்ளி போனால் அதில் முட்டும் கோடும் சேர்ந்து போகட்டுமே! பக்க ஓரத்தில் பென்சிலால் "தேவையில்லை" என்று எழுதினேன். ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை; அண்ணாவுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

கூட்டம் பாடசாலையின் பின்கொட்டிலில் நடந்தது. கரும்பலகை இருந்தது, ஏறத்தாழ முப்பது பேர் வாங்குகளில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். நான் ஏழு வரிசையையும் புள்ளிகளாகப் போட்டேன். முன்வாங்கில் சுருட்டோடு இருந்த ஒரு பெரியவர் எழும்பினார்.

"பிள்ளை, என்ர வயல் எது?"

காட்டினேன்.

"அது மூண்டு ஏக்கர். பக்கத்தில இருக்கிற இவன்ர ஒண்டரை. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு புள்ளியோ?"

"புள்ளிக்கு அளவில்லை ஐயா. புள்ளியெண்டால் புள்ளிதான்."

"அளவில்லாட்டி ஏன் அவனுக்குப் போட்டது கொஞ்சம் பெரிசாத் தெரியுது?"

கொட்டில் சிரித்தது. நான் அவருடைய புள்ளியை வெண்கட்டியால் உருட்டி உருட்டி ஒரு தோசையளவாக்கினேன். அவர் உட்கார்ந்தார். அதன் பிறகு தடையே இல்லை. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல விதியைப் போட்டேன்: இது பிரிப்பு, இது சேர்ப்பு, இது தரிசு. தரிசு என்றதும் புள்ளியை அழிப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம் இருந்ததை மறைக்க முடியாது. நாலாம் வரிசையின் கடைசி வயல் நெல்லு மில் வைத்திருப்பவருடையது. அவர் அந்தப் போகம் விதைக்கவில்லை. ஒரு துடைப்பு, போய்விட்டது. தேநீருக்கு வைத்த கேத்தில் கொதிக்கமுன் பட்டியல் முடிந்தது.

"இதென்ன கூட்டம்? ஒரு வார்த்தை பேசக் கிடைக்கேல்லை," என்று வாசலில் ஒருவர் மனக்குறையோடு சொன்னது எனக்குப் பாராட்டாகவே கேட்டது.

அண்ணா பட்டியலைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்த் தட்டச்சுச் செய்வித்து, ரோணியோவில் ஐம்பது பிரதி எடுத்து வந்தார். ஒன்றைச் சங்கக் கடைச் சுவரில் கஞ்சிப் பசையால் ஒட்டினார். வாய்க்கால் கதவுகளைத் திறந்து மூடுகிறவரை நாங்கள் விதானையார் என்போம். அவர் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதுவரை அவருடைய பையில் பீடிக்கட்டு மட்டுமே இருந்தது.

விதைத்து மூன்றாவது கிழமை, ஒரு காலை. நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். படலைக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"டீச்சர் இருக்காங்களா?"

"டீச்சரெண்டு ஒருதரும் இல்லை. கோடு கீறுற ஒராள் இருக்கிறா," என்றார் அண்ணி.

அரசாங்கம் தராத பதவியை எனக்குத் தந்த ஒரே ஆள், படலையில் நின்ற அந்தப் பெண். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் வாய்க்காலில் நாற்று நடவும் களை பிடுங்கவும் அவர் கால் படாத வயல் இல்லை. அவருக்கென்று, வரிசைகள் முடிகிற இடத்தில், காட்டோரமாக அரை ஏக்கர் வெட்டித் திருத்தி வைத்திருந்தார். நில அளவைப் படம் அதற்குச் சற்று முன்னால், எல்லைக்கல்லோடு முடிந்துவிடும்.

"உள்ளை வாங்கோ அக்கா," என்றேன். அவர் படலையைப் பிடித்தபடியே நின்றார்.

"மில்லுக்காரரு வயலுக்குக் கீழதாங்க நம்ம துண்டு. அவரு வயலு நிறைஞ்சு வழியிற தண்ணியிலதான் நான் செய்யிறது. அவரு போடாத போகத்துலயும் தண்ணி வரும். இந்தத் தடவை விதானையாரு மேலயே அடைச்சிட்டாருங்க. கேட்டா, லிஸ்டுல அப்படி ஒரு வயலே இல்லயாம். இல்லாத வயலுக்கு எப்படித் தண்ணி விடுறதுங்கிறாரு."

"ஓம், அது தரிசு."

"லிஸ்டு போட்டது நீங்கதானாம்."

"ஓம். அதில பிழை ஒண்டும் இல்லை, அக்கா."

"பிழைன்னு சொல்லலீங்க டீச்சர். நெல்லு மஞ்சளாப் போச்சுன்னு சொல்றேன்."

தேங்காயை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அவர் முன் பாரில் ஏற மறுத்துப் பக்கத்தில் ஓடி வந்தார். கடைசியில் இரண்டு பேரும் நடந்தோம். அரை ஏக்கரின் மேல்பாதியில் நிலம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. கீழ்ப்பாதியில் பயிர் இன்னும் நின்றது, ஆனால் நுனி சுருண்டிருந்தது. வீட்டில் நாலு பேரின் வருடச் சோறு அது என்று அவர் சொல்லவில்லை. "எத்தனை நாள் தாங்கும்" என்று நான் கேட்டதற்கு மட்டும், "நாலு நாளு. அஞ்சாம் நாளு மாட்டுக்குத்தான்," என்றார்.

அங்கேதான் நான் எங்கள் ஊரின் வழக்கமொன்றைக் கற்றேன்; வயல்காரர் ஒருவரின் தங்கையாக இருபத்துமூன்று வருடம் வாழ்ந்தும் எனக்குத் தெரியாமல் இருந்த வழக்கம். வரிசையின் கடைசி வக்கடையை ஒருவரும் அடைப்பதில்லை. வயல் விதைத்தாலும் தரிசானாலும் அதற்குள் ஒரு நூல் தண்ணீர் வந்து, கடைசி வாயால் வெளியேறி, போகிற இடத்துக்குப் போகும். அது கொடுப்பது என்று பெயர் வைக்கப்படாத கொடுப்பு. பெயர் வைத்தால் கேட்க வேண்டி வரும், கேட்டால் மறுக்க ஒருவர் இருப்பார். ஆகவே ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் எழுதவில்லை. நான் வந்து எழுதினேன்.

விதானையார் மதகுக்கட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இருந்தார்.

"ஐயா, நாலாம் வரிசையில கொஞ்சம் திறந்து விடுங்கோவன்."

"முந்தியெண்டால் நான் பாக்காத மாதிரிப் போயிருப்பன், தங்கச்சி." அவர் பையைத் தட்டினார். "இப்ப பேப்பர் இருக்கு. வயலைப் பாக்காத மாதிரிப் போகலாம். பேப்பரை எப்பிடிப் பாக்காமல் போறது?"

அண்ணாவிடம் போனேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஒருதருக்குத் திறந்தா எல்லாரும் திறக்கச் சொல்லுவினம். நீதானே சொன்னனீ, புள்ளி போனா அதில முட்டுற கோடும் போகுமெண்டு?"

"சொன்னன்தான், ஆனால்—"

"அப்ப ஆனால் எண்டு ஒண்டும் இல்லை. விதியெண்டா விதி. அடுத்த கூட்டம் வாற மாசம்."

எனக்குக் கிடைத்த முதல் மாணவர் அவர். பாடத்தை அவ்வளவு நன்றாக உள்வாங்கியிருந்தார்.

கட்டுரையை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். "தேவையில்லை" என்பது என் கையெழுத்தில் மிகத் தெளிவாக இருந்தது. மில்லுக்காரரின் வயல் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழே அரை ஏக்கருக்கு ஒரு கோடு. என் விதியின் படத்தில் அந்தக் கோடு இல்லை. ஆகவே அந்த இடத்தில் என் விதியைப் போட்டிருக்கவே கூடாது. எங்கோ குளிரான நாடொன்றில், ஒரு வயலையும் காணாத யாரோ எழுதிய ஒரு வரி, எங்கள் வாய்க்காலை என்னைவிட நன்றாக அறிந்திருந்தது. கோபம் வந்தது. அதைவிட, மற்றத் தரிசு வயல்களில் என்ன தொங்குகிறது என்ற ஆர்வமும் வந்தது என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். அக்காவின் நெல்லுக்கு நாலு நாள். எனக்கு அரை நாள் போதும் என்று நினைத்து, அடுத்த காலை அவரையே கூட்டிக்கொண்டு ஏழு வரிசையையும் நடந்து பார்த்தேன்.

இரண்டாம் வரிசையில் நான் அழித்த ஒரு வயலின் கசிவில்தான் பக்கத்து வளவுக் கிணறு ஊறியது. ஐந்தாம் வரிசையில் ஒரு வயலின் மூலையில் எருமைகள் படுக்கும் பள்ளம். இன்னொன்றின் ஓரத்தில் ஒரு கிழவனார் வல்லாரை வைத்திருந்தார்.

"இதுவும் கோடுதானுங்களா டீச்சர்?"

"ஓமக்கா."

"எருமை படுக்கிறதும்?"

"அதுவும்தான்."

"அப்ப எருமையையும் லிஸ்டுல போட்டுடுங்க. விதானையாரு பாத்துக்குவாரு."

நான் அழித்த புள்ளி ஒன்பது. ஒன்றும் தொங்காமல் சுத்தமாக அழிந்த புள்ளி ஒன்றுகூட இல்லை. மத்தியான வெயிலில் வரம்பில் நின்று நான் இதைச் சொன்னபோது அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதெல்லாம் சரிங்க. நம்ம துண்டுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அந்தக் கேள்விதான் எனக்கு வழியைக் காட்டியது. பட்டியலை மாற்ற ஒரு மாதம் செல்லும். ஆனால் பட்டியலை மாற்ற ஏன் வேண்டும்? அந்த வயல் தரிசாக இருப்பதால்தானே இல்லாமல் போனது? அது விதைத்த வயலாகிவிட்டால் என் விதியே அதைத் திரும்பக் கொண்டுவரும். கோட்டைக் காப்பாற்ற வழி, புள்ளியை உயிர்ப்பிப்பது.

மில்லுக்காரர் உமித்தூசிக்கு நடுவில் நின்று, இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்தினார். "விதைக்கவோ? இனியோ? உனக்கென்ன பிள்ளை, வெயில் பிடிச்சிட்டுதோ?"

"நெல்லு வேண்டாம் ஐயா. ஒரு பிடி பயறு. ஒரு மூலையில. நாங்களே விதைக்கிறம். நீங்கள் ஓமெண்டு சொன்னாக் காணும்."

"ஏனெண்டு சொல்லு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். மில்லுக்காரர் இருவரையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. விளங்கியதாகக் காட்டிக்கொள்ள அவர் விரும்பவில்லை என்பதும் தெரிந்தது. "பயறு எனக்கு விருப்பம்தான்," என்று மில்லைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, இரண்டு ஏக்கர் தரிசின் ஒரு மூலையில், நாங்கள் இருவரும் ஒரு பிடி பயறு விதைத்தோம். பதினொரு மணிக்கு அண்ணாவின் முன்னால் போய் நின்றேன்.

"நாலாம் வரிசைக் கடைசி வயல் இப்ப தரிசில்லை. விதைச்சாச்சு. விதிப்படி புள்ளி திரும்ப வர வேணும்."

அண்ணா பட்டியலை இழுத்து எடுத்தார். அவர் மோட்டுத்தனமான மனுசன் இல்லை. "என்ன விதைச்சது?"

"பயறு."

"பயறுக்கு உவ்வளவு தண்ணியோ?"

"லிஸ்டில பயிரின்ர பேருக்கு இடமில்லை அண்ணா. வயல் இருக்கோ இல்லையோ எண்டதுதான்."

அவர் பேனையை எடுத்துப் பட்டியலின் கீழே ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்தார். எழுதும்போது அவர் வாயோரம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. செயலாளர் சிரிக்கக் கூடாது.

விதானையார் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு வெகு சுறுசுறுப்பாக மண்வெட்டியைத் தூக்கினார். இரண்டு கிழமையாக அந்த அடைப்பு அவரையும் உறுத்தியிருக்க வேண்டும். "இப்ப வயல் இருக்கு," என்றார், அதை அவரே உண்டாக்கியதுபோல. அடைத்த சேற்றை வெட்டி எடுத்ததும் தண்ணீர் மில்லுக்காரரின் வயலுக்குள் இறங்கி, வெடிப்புகளை நின்று நின்று நிரப்பி, பின்னேரம் மூன்று மணிபோலக் கடைசி வக்கடைக்கு வந்தது. அக்கா அதன் பக்கத்தில் குந்தியிருந்து, வந்த முதல் தண்ணீரைக் கையால் தன் பக்கம் தள்ளினார். அது எப்படியும் அந்தப் பக்கம்தான் போகும். ஆனாலும் தள்ளினார்.

கீழ்ப்பாதி எழும்பியது. மேல்பாதி எழும்பவில்லை, அங்கே முளைத்தவற்றை மாட்டுக்கு அறுத்தார். அறுவடையில் வழக்கமாக வரும் நெல்லில் ஏறத்தாழப் பாதி கிடைத்தது. மிச்சத்துக்கு அவர் அந்த வருடம் மற்றவர்களின் வயலில் கூடுதலாக நாள் வேலைக்குப் போனார், எங்கள் வயலுக்கும் வந்தார். பயறு, தண்ணீர் தேங்கி நின்றதால், எதிர்பார்த்தபடி அழுகிப் போனது. அதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

அறுவடைக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். படத்தைத் திருத்தி வைத்திருந்தேன்: நாலாம் வரிசையின் கீழே ஒரு புதிய புள்ளி, அதற்கொரு கோடு. இனி எந்த விதியும் அந்தக் கோட்டைக் காணாமல் போகாது. பெருமையாகத்தான் நீட்டினேன். அவர் தாளை ஈரக் கையால் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க?"

காட்டினேன்.

"அழிச்சிடுங்க டீச்சர்."

"ஏனக்கா? உங்கட வயலைக் காப்பாத்தத்தானே இது!"

"நீங்க பேப்பர்ல போட்டா அண்ணன் பாப்பாரு. அண்ணன் டைப் அடிப்பாரு. டைப் அடிச்சா காணி ஆபீசுக்கும் ஒண்ணு போகும். அங்க ஒருத்தன் வந்து பாத்தான்னா, எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் இது யாரு வயலுன்னு கேப்பான். தண்ணி இல்லாம பாதி போச்சு, சரி. பேப்பர்ல வந்தா முழுசும் போயிடும்."

தாளை அவர் முன்னாலேயே கிழித்தேன். இரண்டாகக் கிழித்தது போதாது என்று அவர் வாங்கி அடுப்பில் வைத்தார்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. நியமனக் கடிதம் இன்னும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இந்த வருடத்துச் சிறுபோகக் கூட்டம். ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தரும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அண்ணா கரும்பலகைக்குப் புதிய துணிகூட வாங்கி வைத்திருக்கிறார். மில்லுக்காரர் இந்த முறையும் விதைக்கப் போவதில்லை. பயறில் அவருக்கு ஆசை விட்டுப்போனதாகச் சொல்லுகிறார்.

எனக்கு இப்போது வேண்டியது ஒரு விதி. அது படத்தில் இல்லாத ஒரு கோட்டுக்காகத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டுரையின் நிபந்தனை, படத்தில் கீறிய கோடுகளை மட்டும்தான் காக்கும். கீறக் கூடாத கோட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியில் இரண்டு வழி முயன்றேன். மில்லுக்காரரின் புள்ளிக்கு மட்டும், அழிக்காதே என்று ஒரு சின்னக் கொக்கி போட்டால், அதன் கீழ் என்ன இருக்கிறது என்று கொட்டில் முழுக்கக் கேட்கும். கடைசி வயல்களுக்கு மட்டும் போட்டால், எல்லைக்கல்லுக்கு அப்பால் போய்ப் பார் என்று நானே விரல் நீட்டுவதாகும். மூன்றாவது வழி, ஏழு வரிசையிலும் எல்லாப் புள்ளிக்கும் கொக்கி போடுவது. இங்கே ஏதோ தொங்குகிறது, என்னவென்று எழுத மாட்டோம், வயல்காரர் அந்த இடத்துக்கு நடந்துபோய்ப் பார்த்து வந்து "அழிக்கலாம்" என்று வாயால் சொல்லாமல் தரிசு விதி ஓடாது. நான் நடந்து பார்த்த அளவில் அது பொய்யும் அல்ல; மில்லுக்காரர் தன் வயலுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார் என்றும் நம்புகிறேன்.

கணக்குப் பார்த்தேன். முப்பது பேரும் நடந்துபோய்ப் பார்த்து வந்து கதைத்து முடிக்க, குறைந்தது மூன்று கூட்டம் பிடிக்கும். அண்ணாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் புதுத் துணியால் ஒன்றையும் துடைக்காமல், கரும்பலகையில் முதலாம் வரிசையிலிருந்து கொக்கி போடத் தொடங்கப் போகிறேன். நாலாம் வரிசைக்கு வருமுன் ஒருவராவது எழும்பித் தன் கொக்கி சின்னதாக இருக்கிறதென்று சண்டை பிடித்தால், அக்காவின் அரை ஏக்கரை அன்றைக்கு ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.